நாற்பத்திரண்டாவது நிமிடம்

ஜனவரி 2, வியாழன்

சால்டர் கம்பி சப்ளை செய்கிறவர் புத்தாண்டுக்கு இந்த டைரியைக் கொடுத்துவிட்டுப் போனார். பக்கத்துக்குப் பக்கம் அவர் கம்பெனி படம். பரவாயில்லை. லேப் ரிஜிஸ்டரில் எண் எழுதத்தான் இடம் உண்டு: வெப்பம், நேரம், மின்தடை, கையெழுத்து. மீதியை எங்காவது கொட்ட வேண்டுமே.

எங்கள் கம்பெனி ஆக்சிஜன் மெஷின் செய்கிறது. அறைக் காற்றை இழுத்து, அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, நுரையீரல் கெட்டவர்களுக்குக் குழாய் வழியாகக் கொடுக்கும் பெட்டி. அதற்குள் இருக்கும் சர்க்யூட் போர்டைச் சித்திரவதை செய்வது என் வேலை. முப்பத்திரண்டு போர்டுகளைச் சேம்பருக்குள் வைத்துப் பூட்டுவேன். ஒவ்வொரு மணி தொடங்கும்போதும் சூடு ஏறி நூற்று இருபத்தைந்து டிகிரிக்குப் போகும். சரியாக அரை மணிக்குச் சட்டென்று இறங்கி ஐந்து நிமிடத்துக்குள் மைனஸ் நாற்பதைத் தொடும். தொட்டதும் மெல்ல ஏற ஆரம்பிக்கும், அடுத்த மணிக்கு மறுபடி முழுச் சூடு. இப்படி ஆயிரம் முறை, இரவும் பகலுமாக. சூட்டில் போர்டு ஓர் அளவு விரியும், அதன் மேல் உட்கார்ந்திருக்கும் பீங்கான் பாகம் வேறு அளவு விரியும். இரண்டையும் பிடித்துக்கொண்டிருக்கும் சால்டர், அந்த ஈயப் பற்று, நடுவில் கிடந்து இழுபடும். கம்பியை இப்படியும் அப்படியுமாக வளைத்து ஒடிப்போமே, அது மாதிரிதான். வெறும் சூடோ வெறும் குளிரோ அதை ஒன்றும் செய்துவிடாது. போய்ப் போய் வருவதில்தான் விரிசல் விடும்.

இந்த டிசைன் ஏப்ரலில் பாஸானது. இப்போது ஏன் மறுபடி என்றால், வால்பாறையிலிருந்து ஒன்று, கோத்தகிரியிலிருந்து ஒன்று, ஏற்காட்டிலிருந்து ஒன்று என்று மூன்று மெஷின்கள் திரும்பி வந்திருக்கின்றன. அங்கே மலைக் குளிரில் நின்று போகிறதாம். இங்கே கொண்டுவந்து போட்டால் ஜம்மென்று ஓடுகிறது. 'குறை ஏதுமில்லை' என்று ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பினார்கள். கோத்தகிரிக்காரர்களுடையது மறுபடியும் வந்துவிட்டது.

எங்கள் வீட்டிலும் அதே மெஷின்தான் ஓடுகிறது. மாமா, என் வீட்டுக்காரர், ஃபவுண்டரியில் பத்தொன்பது வருஷம் மணல் அச்சுப் போட்டார். மணல் தூசி நெஞ்சில் படிந்துவிட்டது. மே மாதத்திலிருந்து மூக்கில் குழாய். ஊழியர் சலுகையில் நானே பார்த்து எடுத்து வந்த மெஷின் அது.

ஜனவரி 4, சனி

மாமாவுக்கு விரல் மீட்டரில் ஆக்சிஜன் சாயந்திரம் 91. உதடு கொஞ்சம் கறுத்திருந்தது. மார்கழிக் குளிர். கம்பளிச் சட்டையை எடுத்துக் கொடுத்தேன். பருப்பு ஊறப் போட மறந்துவிட்டேன்.

ஜனவரி 6, திங்கள்

பதினேழாம் போர்டு திறந்துகொண்டது. திறந்துகொண்டது என்றால் அதன் வழியாகப் போகும் மின்சாரம் அறுந்துபோவது. குளிரில் அறுந்தது, சூடு ஏறும்போது தானாகச் சேர்ந்துகொண்டது. நூறு சுழற்சிகூட ஆகவில்லை.

எங்கள் லேப்பில் ஒரு வழக்கம் உண்டு. திறந்துகொண்ட போர்டை வெளியே எடுத்து, மேஜையில் கொஞ்ச நேரம் ஆறவிட்டு, மீட்டரை வைத்துப் பார்ப்போம். மேஜையில் சரியாக இருந்தால் பழி போர்டிலிருந்து வெளியே வரும் ஒயர் மேல். இதுவும் மேஜையில் சரியாகத்தான் இருந்தது. ஒயரை மாற்றி உள்ளே வைத்துவிட்டேன்.

ஜனவரி 8, புதன்

புது ஒயரிலும் அதே கதை. ஒவ்வொரு மணியிலும் முப்பத்து மூன்றாவது நிமிடம் வாக்கில் அறுகிறது, முப்பத்தெட்டில் சேர்கிறது. ஒரு மணி நேரம்கூடத் தவறவில்லை.

தர மேலாளர் ஸ்ரீவத்சன் சாரிடம் சொன்னேன்.

"ரூம்ல வெச்சா நல்லா இருக்கில்ல?" என்றார்.

"இருக்குங்க சார்."

"ஜனங்க ரூம்லதானேம்மா ஓட்டப்போறாங்க. ஆயிரம் முடியட்டும், பாக்கலாம்."

சேம்பர் கண்ணாடியில் உறைபனி பிடித்திருந்தது. துடைத்துவிட்டு உள்ளே பார்த்தேன். முப்பத்திரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. விரிசல் கண்ணுக்குத் தெரியாது. இருந்தும் பதினேழை மட்டும் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜனவரி 9, வியாழன்

பக்கத்து வீட்டு மரகதக்காவிடம் எங்கள் வீட்டுச் சாவி ஒன்று இருக்கிறது. பகலில் மாமாவை எட்டிப் பார்த்துக்கொள்வது அவர்தான். தண்ணீர் பிடிக்கும்போது சாதாரணமாகச் சொன்னார்.

"ஏங்கண்ணு, உன்ற ஊட்டுப் பொட்டி மணிக்கொருக்கா கீ...ன்னு கத்துதே, அது அப்படித்தானா? நா அத வெச்சுத்தான் அடுப்புல ஒலையே வெக்கறேன்."

ஆன் செய்யும்போது வருவது ஒரு குட்டைச் சத்தம். நீளச் சத்தம் என்றால் உள்ளே கோளாறு என்று அர்த்தம். மாமாவைக் கேட்டேன். "அக்காளுக்குக் காது கோளாறு" என்று சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. பிறகு வழக்கம்போல "இன்னிக்கு லேப்ல என்ன?" என்று கேட்டார். தினமும் கேட்பார். நானும் ஒன்று விடாமல் ஒப்பிப்பேன். வீட்டிலேயே கிடக்கிறவருக்கு வேறு என்ன பொழுதுபோக்கு.

ஜனவரி 10, வெள்ளி

சத்தம் வரும் நேரத்தைக் காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்து வைக்கும்படி மரகதக்காவிடம் சொன்னேன். மாமாவுக்குத் தெரிய வேண்டாம் என்றும் சொன்னேன்.

ஜனவரி 11, சனி

அக்கா கொடுத்த தாள்: 9.39, 10.39, 11.39, 12.40, 2.39, 3.39.

லேப்பில் பதினேழு மறுபடி சேர்ந்த நேரம்: 9.39, 10.39, 11.39, 12.39, 1.39, 2.39, 3.39.

12.40 அக்கா வீட்டுக் கடிகாரத்தின் தப்பாக இருக்கும். 1.39 இல்லை, ஏனென்றால் அக்கா தூங்கியிருப்பார். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூன்று முறை சரிபார்த்தேன். நான் டிப்ளமோ படித்தவள். காளப்பட்டியில் இருக்கிற சேம்பருக்கும் எட்டு கிலோமீட்டர் தள்ளி என் வீட்டில் இருக்கிற பெட்டிக்கும் எந்த ஒயரும் கிடையாது.

ஜனவரி 13, திங்கள்

இன்று இரண்டிலும் 40வது நிமிடம். இரண்டும் சேர்ந்தே ஒரு நிமிடம் நகர்ந்திருக்கின்றன. சேம்பரில் நகர்வதற்குக் காரணம் உண்டு. விரிசல் வளர வளர, மறுபடி சேர அதிகச் சூடு வேண்டும், அதனால் நேரம் தள்ளிப்போகும். வீட்டில் ஏன் நகர்கிறது?

ஒன்றை எழுதிவிடுகிறேன். ஏப்ரல் சோதனையிலும் ஒரு போர்டு குளிரில் திறந்தது. எண்ணூறுக்கு மேல் ஆகியிருந்தது. மேஜையில் வைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. 'ஒயர் கோளாறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு மாமாவுக்கு ஸ்கேன். நேரத்தில் கிளம்ப வேண்டியிருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

ஜனவரி 16, வியாழன்

பொங்கலுக்கு மூன்று நாள் விடுமுறை. இரவு ஷிப்ட்டுக்கும் ஆள் கிடையாது, ஆளில்லாமல் சேம்பரை ஓட்டக்கூடாது என்று அணைத்துவிட்டு வந்தோம். மூன்று நாளும் நான் வீட்டிலேயே இருந்தேன். பெட்டி ஒரு தடவைகூடக் கத்தவில்லை. மாமா பொங்கல் இரண்டு கரண்டி சாப்பிட்டார். விரல் மீட்டரில் 95, 96. உதடு நல்ல நிறமாக இருந்தது.

சேம்பர் அணைந்திருந்தது, பெட்டி சத்தம் போடவில்லை. வேறொன்றும் மனதில் ஓடவில்லை.

ஜனவரி 17, வெள்ளி

சேம்பரை மறுபடி ஓட்டினேன். பதினொரு மணிக்குள் மரகதக்காவின் போன். "கண்ணு, மறுக்காவும் கத்த ஆரம்பிச்சிருச்சு."

ஜனவரி 18, சனி

41. இரண்டிலும்.

ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்தேன். போர்டுகளைத் தனித்தனியாகச் செய்வதில்லை. ஒரே பெரிய பலகையில் எட்டு போர்டுகளைச் செய்து, பிறகு வெட்டிப் பிரிப்பார்கள். இப்போது சேம்பரில் இருப்பதில் சில, ஏப்ரலில் எடுத்துவைத்த முதல் லாட்டின், அதாவது முதல் தொகுப்பின், மிச்சம். பதினேழாவதும் வீட்டு மெஷினில் இருப்பதும் ஒரே பலகையில் வெட்டியவை. அடுத்தடுத்த எண்கள்.

நான் இங்கே குளிர வைப்பது மாமாவுக்கு அங்கே குளிர்கிறது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் எழுதாமல் இருந்தால் மட்டும் நினைக்காமல் இருக்கப்போகிறேனா?

ஜனவரி 20, திங்கள்

பத்து இருபத்தைந்துக்குச் சேம்பரை நிறுத்தினேன். நிறுத்திவிட்டு மாமாவுக்குப் போன் போட்டேன். அரசாணிக்காய் கூட்டு, மரகதக்காவின் மருமகள், கழன்றுபோன கதவுத் தாழ்ப்பாள் என்று பத்து ஐம்பது வரை பேசிக்கொண்டிருந்தேன். போனில் பெட்டியின் உறுமல் பின்னால் ஒரே சீராகக் கேட்டது. சத்தம் வரவில்லை. பதினொன்றரைக்கு மறுபடி போட்டேன். "என்ன புள்ள, வேலையத்துப் போயிட்டியா?" என்றார். அப்போதும் வரவில்லை.

இரண்டரைக்குச் சார் பார்த்துவிட்டார். கம்ப்ரஸரில் ஏதோ சத்தம், அதனால்தான் நிறுத்தினேன் என்றேன். பதினாறு வருஷத்தில் இந்த லேப்பில் நான் வாய்விட்டுச் சொன்ன முதல் பொய்.

ஜனவரி 21, செவ்வாய்

சேம்பர் அணைந்தே இருக்கிறது. லீவு போட்டு வீட்டில் இருந்தேன். சத்தம் இல்லை. 96. நிம்மதி.

ஜனவரி 22, புதன்

நிம்மதி ஒரு நாள்தான். கோத்தகிரியிலிருந்து போன் வந்தது. இரண்டு முறை ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பிய மெஷின். அதைப் பயன்படுத்தும் அம்மாவின் மகன் பேசினார். அவர் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் மெதுவாகத்தான் பேசினார்.

"காலையில எந்திரிச்சுப் பாத்தா மெஷின் நின்னு கெடக்குதுங்க. அம்மாவ ஐசியூல வெச்சிருக்காங்க. நாங்க போட்டோம்னா ஓடுதுங்க. இப்பவும் ஓடிட்டுத்தான் இருக்குது. எதுக்கும் உங்ககிட்ட சொல்லலாம்னு."

கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். என் வீட்டுக்காரருக்காக நான் அணைத்து வைத்திருக்கும் சோதனை, அந்த அம்மாவுக்காக ஓடியாக வேண்டிய சோதனை. பதினேழு முழுசாக அறுந்து, நான் அதை வெட்டி மைக்ராஸ்கோப்பில் காட்டினால்தான் சார் நம்புவார். இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளில் இந்த லாட் ஓடுகிறது. எல்லாவற்றிலும் என் ஏப்ரல் கையெழுத்து.

முகம் கழுவிக்கொண்டு வந்து சேம்பரைப் போட்டேன். சாயந்திரம் சிலிண்டர் ஒன்று வாங்கி வீட்டில் இறக்கினேன். நாளைக்கு மாமாவுக்கு அதுதான். வீட்டு மெஷினை லேப்புக்கு எடுத்துப் போகிறேன்.

ஜனவரி 23, வியாழன்

எழுதுவது கஷ்டமாக இருக்கிறது. வரிசையாக எழுதுகிறேன்.

மெஷினைத் திறந்து போர்டைக் கழற்றுவதற்கு முன்னால் அதன் நினைவகத்தைப் படித்தேன். எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை முறை ஆன் ஆனது என்று இரண்டு எண்கள் அதில் பதிந்திருக்கும். ஒரு நாளைக்கு ஒரு தடவை, மின்வெட்டுக்கு ஒன்றிரண்டு என்று வைத்தால் இந்த எட்டு மாதத்தில் முந்நூறு இருக்கலாம். முந்நூற்றைம்பது என்றே வைத்துக்கொள்வோம்.

2,217.

படித்த எண்ணை மறுபடி படித்தேன். மேஜையிலேயே தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். நான் வேலைக்குப் போன நாட்கள் ஏறக்குறைய இருநூறு. நான் வீட்டில் இல்லாத நேரம் ஒரு நாளைக்குப் பத்து மணி. கணக்கு நேராக வந்து உட்கார்ந்தது. ஞாயிற்றுக்கிழமைகள் இல்லை. பொங்கல் இல்லை. நான் லீவு போட்ட நாள் இல்லை. நான் போனில் பேசிக்கொண்டிருந்த நேரம் இல்லை. மரகதக்கா 'கீ...' என்று நீட்டிச் சொன்னது, ஆன் ஆகும்போது வரும் குட்டைச் சத்தத்தைத்தான்.

மதியமே வீட்டுக்குப் போய்விட்டேன். மாமா சிலிண்டர் குழாயோடு கட்டிலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"மெஷின நிறுத்தி நிறுத்திப் போடறீங்களா?" என்றேன்.

உரித்த வெங்காயத்தைக் கிண்ணத்தில் போட்டார். மறைக்கவில்லை. பொய் சொல்ல அவருக்கு மூச்சு போதாது.

"நீதான சொன்னே, அரை மணிக்குக் குளிரு ஆரம்பிக்கும்னு. அங்க உன்ற போர்டுக்குக் குளிரு வர்ற நேரத்துக்கு நானும் இங்க நிறுத்திக்குவேன். ரெண்டு பேருக்கும் ஒரே பரிச்சைன்னு நெனச்சுக்கிட்டேன்."

"எதுக்கு மாமா?"

"ஜூன் மாசம் ஒருக்கா அதுவா நின்னு போச்சு. மூணு நிமிசம்கூட என்னால தாங்க முடியல. தானா ஓட ஆரம்பிச்சுது, பொழச்சேன். மறுக்கா நின்னா மரகதக்கா வந்து சிலிண்டருக்குப் போன் போடற வரைக்கும் தாங்கோணுமல்ல. அதான் பழகுனேன். மூணு நாலாச்சு, நாலு ஆறாச்சு. இப்ப பன்னண்டு வரைக்கும் இருந்துக்கறேன்."

பன்னிரண்டு நிமிடம். அரை மணியோடு சேர்த்தால் நாற்பத்திரண்டு.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கையெழுத்துப் போட்ட மெஷினு. ஊட்டுக்காரனே கொறை சொன்னா உனக்குச் சங்கடமில்ல?"

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. கிண்ணத்தை எடுத்து எறிந்துவிடலாம் போல இருந்தது. சூடாகி ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியை மணிக்கு ஒரு முறை நிறுத்தி ஆறவிட்டு, மறுபடி சூடாக்கி, ஏற்கெனவே இருந்த விரிசலை இந்த மனுஷன் தன் கையாலேயே வளர்த்திருக்கிறார். தாங்கப் பழகிய ஒவ்வொரு நிமிடமும், நின்றுபோகும் நாளைக் கிட்டே கொண்டுவந்திருக்கிறது. அதை அவருக்குச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். பிறகுதான் அழுகை வந்தது. ஏப்ரலைப் பற்றியும் அப்போதுதான் சொன்னேன். அவர் என் தலையில் கையை வைத்தார். கையெல்லாம் வெங்காய வாசம்.

"திரும்பப் போடறப்ப மணி பாத்துத்தான் போடுவீங்களா?" என்று கடைசியாகக் கேட்டேன்.

"மணி எங்க தெரியும்? கண்ணு இருட்டிக்கிட்டு வரும். சுவிச்சு மட்டுந்தான் தெரியும்."

அப்படியானால் 39, 40, 41 எப்படி ஒன்றாக நகர்ந்தது? எனக்குத் தெரியவில்லை. இனிமேல் செய்ய மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார்.

ஜனவரி 24, வெள்ளி

காலை 10.33க்குப் பதினேழு திறந்தது. 10.42 ஆனது. சேரவில்லை. பதினொன்றுக்குச் சூடு ஏறியது, அப்போதும் சேரவில்லை. வெளியே எடுத்து மேஜையில் வைத்தேன். முதல் முறையாக மேஜையிலும் செத்திருந்தது.

வீட்டுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. ஆறு முறை போட்டேன். ஏழாவது முறை மரகதக்கா எடுத்தார். "குளிக்கறாப்ல கண்ணு. சிலிண்டர வாசல்ல நிறுத்திக் குழாய உள்ள உட்டிருக்கறோம்." ரிஜிஸ்டரில் எழுதுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

ஜனவரி 27, திங்கள்

பதினேழையும் வீட்டுப் போர்டையும் வெட்டி, பாலிஷ் போட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் படம் எடுத்தேன். ஒரே பாகம், ஒரே மூலை, ஒரே வளைவில் போகும் விரிசல். ஒரு படத்தின் மேல் இன்னொன்றை வைத்தால் கோடு பிசகவில்லை. ஸ்ரீவத்சன் சார் நெடுநேரம் பார்த்தார். இது எந்தப் போர்டு, அது எந்தப் போர்டு என்று இரண்டு தடவை கேட்டார்.

அறிக்கையில் என் ஏப்ரல் தவறையும் எழுதினேன். குளிரில் திறந்ததை அறை வெப்பத்தில் பார்த்துச் சரி என்று எழுதியவள் நான்தான் என்று பெயரோடு எழுதினேன். சார் அந்தப் பத்தியை எடுத்துவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

ஜனவரி 29, புதன்

இருநூற்றுப் பன்னிரண்டையும் திரும்ப வாங்குகிறார்கள். இனி அறிக்கைகளில் கையெழுத்துப் போடும் அதிகாரம் எனக்கு இல்லை. கோத்தகிரி அம்மாவை வார்டுக்கு மாற்றிவிட்டார்களாம். மகன்தான் போன் செய்து சொன்னார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை, விளக்கிச் சொன்னேன். கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

ஜனவரி 31, வெள்ளி

வீட்டுக்குப் புது மெஷின் வந்தது. வேறு கம்பெனி, வேறு போர்டு. அதில் என் கையெழுத்து எங்கேயும் இல்லை. மாமாதான் சுவிட்சைப் போட்டார், இனி இரவிலும் அணைப்பதில்லை என்று முடிவு. மெக்கானிக்குகள் பார்க்கும் திரையைத் திறந்து, எத்தனை முறை ஆன் ஆனது என்று பார்த்தேன். கடையில் சோதித்ததை அழித்துத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

1.

பிப்ரவரி 1, சனி

வேலை முடிந்து வந்ததும் பார்த்தேன். 1. மாமா நான் பார்ப்பதைப் பார்த்தார். 

பிப்ரவரி 3, திங்கள்

1. மீட்டரில் 95. ராகி களி, கீரை.

பிப்ரவரி 4, செவ்வாய்

1. மரகதக்காவிடம் கேட்டேன். பகல் முழுக்க ஒரு சத்தமும் இல்லை, ஒலை வைக்கிற நேரம்தான் தெரிய மாட்டேனென்கிறது என்றார்.

பிப்ரவரி 5, புதன்

2.

மின்வாரிய ஆபீஸுக்குப் போன் போட்டுக் கேட்டேன். இன்று எங்கள் தெருவில் ஒரு தடவைகூடக் கரண்ட் போகவில்லை.